சிங்காரி வயிற்றில் வேறொரு கன்று

"எதுக்கு மாட்ட ஓட்டிக்கினு போன? யாரக் கேட்டு ஓட்டிக்கினு போன?"

"கோபூஜைக்குத் தாண்டி ஓட்டிக்கினு போனேன். இன்னா, கசாப்புக் கடைக்கா?"

"வெள்ளச்சிய ஓட்டிக்கினு போயிருந்தா நான் ஏன் வாயத் தொறக்கப் போறேன்? சிங்காரிய மட்டும் தொடாதன்னு இந்த வூட்ல எத்தினி தடவ சொன்னேன்?"

மந்தைவெளி பட்டறைச் சந்தில் அன்று காலை பால் வாங்க வந்தவர்கள், வாங்கிய பாலோடு வீட்டுக்குப் போகவில்லை. காபிக்குத் தண்ணீர் கொதித்து வற்றிய வீடுகள் உண்டு. ரகுபதி வீட்டு மாட்டுக் கொட்டகைக்கு முன்னால் அண்ணனும் தங்கையும் சண்டை போடும்போது, காபி எல்லாம் ஒரு விஷயமா?

அண்ணன் பிரபு. தங்கை கயல். இரண்டு பேரும் ரகுபதியின் பிள்ளைகள். சண்டையின் விஷயமோ, பேச்சே இல்லாமல் கொட்டகைக்குள் படுத்துக் கிடந்தது.

சிங்காரியை உங்களுக்கு ஏற்கனவே தெரியும். ரகுபதியின் இரண்டு மாடுகளில் இளையது. ஜெர்சி கலப்பு, செவலை நிறம், நெற்றியில் சுட்டி. அவள் சினையாக இருப்பதும் உங்களுக்குத் தெரியும். அந்தக் கன்று அவளுடையது இல்லை என்பதையும் போன வாரம் பார்த்தோம். புதிதாக வந்தவர்கள் தப்பாக நினைக்கக்கூடாது என்பதற்காக மறுபடி சொல்கிறேன்.

கயல் கால்நடை மருத்துவம் படித்தவள். மாட்டின ஆய்வுக்கூடம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். தருமபுரிப் பக்கத்தில் ஆலம்பாடி என்று ஒரு நாட்டு மாடு. கறுத்த உடம்பு, காட்டில் மேய்ந்து பிழைக்கும் சாதி, வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறது. அந்த இனத்தில் உயர்ந்த ஒரு பசுவிடமிருந்து கருமுட்டை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் கருவாக்கி, கண்ணாடித் தட்டில் ஒரு வாரம் வளர்த்து, பருவத்துக்கு வந்து ஒரு வாரமான வேறு மாட்டின் கருப்பையில் வைப்பதுதான் அவள் ஆராய்ச்சி. வைத்த மாடுகளில் பெரும்பாலானவற்றில் கரு நிற்கவில்லை. ஒன்றில் நின்று கலைந்தது. முழுசாக நின்றது சிங்காரி வயிற்றில் மட்டும். முட்டை கொடுத்த ஆலம்பாடிப் பசு போன மாதம் பாம்பு கடித்துச் செத்துப் போனது.

ஆக, அந்தப் பசுவின் வம்சம் என்று இனிமேல் உலகத்தில் இருப்பது சிங்காரி வயிற்றுக்குள் மட்டும்தான். கயலின் இத்தனை வருஷப் படிப்பும் அங்கேதான்.

எங்கள் சந்து இதை 'வாடகை வயிறு' என்று சுருக்கிப் புரிந்துகொண்டது. கயலின் அம்மா தாயம்மா அந்த அளவுக்குக்கூடச் சுருக்கவில்லை. வயிற்றில் இருக்கிறது, அதனால் பிள்ளைத்தாய்ச்சி. ஏழாம் மாதம் சிங்காரியின் கழுத்துக் கயிற்றில் கண்ணாடி வளையல் கோத்துக் கட்டி, சந்து முழுக்கப் புளிசாதம் கொடுத்தாள். நம் வீட்டுக்கும் வந்தது. குறை சொல்வதற்கில்லை. உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்.

அந்த வளையலோடுதான் சிங்காரி இப்போது படுத்துக் கிடந்தாள். தலையைத் திருப்பி விலாவோடு வைத்திருந்தாள். பல்லை நறநறவென்று கடித்தாள். இடது பக்க வயிறு மேளம் மாதிரி உப்பியிருந்தது. விடிந்ததிலிருந்து ஒரு தடவைகூட அசை போடவில்லை.

முந்தின நாள் பிரபு செய்த காரியம் இதுதான். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு புது அடுக்குமாடிக் கட்டடம். அங்கே காவல் வேலை பார்க்கும் கதிரேசனுக்கு அஸ்வினி என்று ஒரு மகள். பிரபு அந்தக் கட்டடத்துப் பக்கம் அடிக்கடி வண்டியை நிறுத்துவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். மூன்றாவது மாடிக்காரர் கிரகப்பிரவேசத்துக்குப் பசுவும் கன்றும் வேண்டும் என்று கதிரேசனிடம் சொல்ல, கதிரேசன் பிரபுவிடம் சொல்ல, வருங்கால மாமனாரிடம் முடியாது என்று சொல்ல எந்த மாப்பிள்ளைக்கு வாய் வரும்?

வழக்கமாக இந்த மாதிரி காரியங்களுக்குப் போவது வெள்ளச்சியும் அவள் கன்றும். வெள்ளச்சிக்கு அன்று கால் வீக்கம். பிரபு யோசித்தான். சிங்காரியை அவிழ்த்தான், வெள்ளச்சியின் கன்றைக் கூடச் சேர்த்தான், ஓட்டிக்கொண்டு போய்விட்டான். லிஃப்டில் மாடு ஏறாது என்பதால் கார் நிறுத்தும் இடத்திலேயே பூஜை நடந்தது. தாயும் கன்றும் லட்சணமாக இருப்பதாகச் சாஸ்திரிகள் வாயாரப் புகழ்ந்தாராம். வயிற்றில் இருப்பதும் அவளுடையது இல்லை, பக்கத்தில் நின்றதும் அவளுடையது இல்லை. சிங்காரிக்கு இதெல்லாம் பழகிப் போயிருக்கும்.

"அங்க இன்னா குடுத்தாங்க அதுக்கு?" கயல் குரலைத் தணித்துக் கேட்டாள். கத்தியபோது வராத பயம் பிரபுவுக்கு அப்போதுதான் வந்தது.

ரெண்டு வாழைப்பழம், ஒரு கட்டு அகத்திக்கீரை, அவ்வளவுதான் என்றான். தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். அவன் தலையில்தான் வைத்தான், அஸ்வினி தலையில் வைக்கவில்லை என்று பக்கத்து வீட்டில் யாரோ சொன்னது பிரபு காதில் விழவில்லை.

தாயம்மா சிங்காரியின் தலைமாட்டில் உட்கார்ந்து காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

சித்தார்த்தன் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. நாமக்கல்காரர், அதே ஆய்வுக்கூடத்து மாட்டு டாக்டர். கயலைப் பார்க்க மூன்று முறை இந்தச் சந்துக்குள் பைக்கில் வந்தவர் என்பதால், எங்கள் சந்து இவருக்கும் கயலுக்கும் எப்போதோ கல்யாணம் நடத்தி முடித்துவிட்டது. அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் இன்னும் தகவல் போகவில்லை.

அவர் வந்ததும் பையை வைத்தார், சட்டைக் கையை மடித்தார், வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். பிறகு பின்பக்கம் போய்ச் சாணத்தைக் குச்சியால் கிளறினார். தண்ணீராக, புளித்த மாவு நாற்றத்தோடு கிடந்தது. அதிலிருந்து எதையோ எடுத்துக் கயலிடம் காட்டினார்.

அரைபடாத முந்திரிப் பருப்பு.

கயல் அதை வாங்கி அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது இன்னா, அகத்திக்கீரைல காச்சிதா?"

பிரபு முழித்தான். அப்புறம் நடந்ததை எல்லாம் எழுதத் தேவையில்லை. ஒருத்திக்காக மாட்டைக் கொன்றவன், பொய் சொல்லியே பிழைக்கிறவன், தங்கச்சி மேலே வருவது பொறுக்காதவன் என்று கயல் வாயில் எல்லாம் வந்தது. பிரபு எதிர்த்துப் பேசிப் பார்த்தான், பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். மீசை வைத்த ஆள், தோள் குலுங்குவது தெரிந்தது.

சித்தார்த்தன் இடையில் வந்தார். யார் கொடுத்தது என்பது தனக்கு வேண்டாம், எவ்வளவு என்பதுதான் வேண்டும் என்றார்.

"கைப்பிடி சோறுன்னா சோடா மாவக் கரைச்சு ஊத்தி டிரிப் போட்டாச் சரியாயிருமுங்க. வயிறு ரொம்பத் தின்னிருந்தா அது உள்ள புளிச்சு ஆசிடாயிருக்கும். அப்ப வயித்தத் தொறந்து அள்ளோணும். எந்த வழின்னு நான் இப்பவே தெரிஞ்சுக்கோணுமுங்க."

"சொல்லுண்ணா," என்றாள் கயல். "உன்ன ஒண்ணும் சொல்லல. எவ்ளோ?"

"அவன் இல்ல," என்றாள் தாயம்மா.

சிங்காரியின் காதிலிருந்து கையை எடுக்காமல்தான் சொன்னாள்.

"பூஜ வூட்ல மிச்சப் பொங்கல ஒரு குண்டான்ல குடுத்து அனுப்பியிருந்தாங்க. சாமிக்குப் படைச்சத சாக்கடையிலயா கொட்றது? இவ என் கையவே பாத்துகினு இருந்தா. வாயும் வயிறுமா கீறவ ஆசப்பட்டா குடுக்காம எப்டி? சாய்ங்காலம் முழுசா வச்சிட்டேன். நக்கிச் சாப்ட்டா."

குண்டான் கொட்டகை ஓரத்திலேயே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. தேய்த்துக் கழுவி, பளபளவென்று. கல்யாண வீட்டில் நாற்பது பேருக்குப் பரிமாறும் அளவு.

மகன் இவ்வளவு நேரம் திட்டு வாங்கிக்கொண்டிருந்ததை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பிரபு திரும்பி அம்மாவைப் பார்த்த பார்வையை எங்கள் சந்து அப்புறம் நிறைய நாள் பேசியது. கோபம் என்றார்கள் சிலர். எனக்கென்னவோ, அந்த நிமிஷத்தில் அவன் எட்டு வயதுப் பையன் மாதிரி இருந்தான்.

பழைய சோறு போடாத மாட்டுக்காரர் மயிலாப்பூர் வட்டாரத்தில் யார்? கழுநீரில் ஒரு பிடி சோறு போட்டு வளர்த்த கைதான் தாயம்மாவுடையது. ஒரு பிடிக்கும் ஒரு குண்டானுக்கும் உள்ள தூரம் அவளுக்கு உறைக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், பொங்கலன்று மாட்டுக்கு வெந்த சோறு நிறையப் போடாதீர்கள் என்று தருமபுரி, கிருஷ்ணகிரி என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தவள் கயல். ஒலிபெருக்கி வைத்துச் சொன்னாள். வீட்டில் சொல்லவில்லை. மாட்டுக்கார வீட்டில் இதைப் போய்ச் சொல்வானேன் என்று இருந்துவிட்டாள்.

"ஓட்டாதன்ன, தொடாதன்ன, ஊசி போட விடாதன்ன," என்றாள் தாயம்மா. "சோறு போடாதன்னு நீ சொல்லவே இல்லியே, கயலு."

கயல் கையிலிருந்த முந்திரியைக் கீழே போட்டாள்.

அதற்குள் பாலைக் கொடுத்துவிட்டு ரகுபதி திரும்பி வந்தார். காலி கேனை இறக்கி வைத்தவர், மாட்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், குண்டானைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

சித்தார்த்தன் கயலைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றால் இரண்டடி தள்ளி. எங்கள் சந்தில் அதற்கு மேல் தனிமை கிடைக்காது. விலாவைக் கிழித்து இரைப்பையைத் திறந்து சோற்றை அள்ளியே ஆக வேண்டும் என்றார். ஆனால் மாடு ஏற்கனவே துவண்டுவிட்டது, கத்தியைத் தாங்காது. தாங்க வைக்க ஓர் ஊசி இருக்கிறது. அதைப் போட்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு. ஆனால் அந்த ஊசியே பிரசவத்தையும் கிளப்பிவிடும். ஒன்றிரண்டு நாளில் கன்று வந்துவிடும். நாள் போதாத கன்று, நுரையீரல் பழுத்திருக்காது. வெளியே வந்து மூச்சு விடுவது கஷ்டம்.

ஊசி இல்லாமல் அறுத்தால் கன்று உள்ளேயே தங்கலாம். தாய் தங்குமா என்று சொல்ல முடியாது. தாய் போனால் கன்றும் போச்சு.

கயல் புஷ்ரா மேடத்துக்குப் போன் செய்தாள். ஆராய்ச்சிக்குத் தலைமை அவர்தான். ஸ்பீக்கரில் போட்டாள். அது சித்தார்த்தனுக்காக. எங்களுக்காக இல்லை.

"அந்தக் கன்னு போச்சுன்னா அந்த வரிசையே முடிஞ்சுது, கயல்," என்றது போன். "ஊசி இல்லாம முயற்சி பண்ண முடியுமான்னு கேளு."

முடியும், ஆனால் உறுதி சொல்ல மாட்டேன் என்றார் சித்தார்த்தன்.

"நான் இங்க உக்காந்து சொல்றது சுலபம். மாடு உன் முன்னாடி இருக்கு. நீ முடிவு பண்ணு. எதுவா இருந்தாலும் நான் கேள்வி கேக்க மாட்டேன்," என்றார் புஷ்ரா.

அது பெருந்தன்மையா, கையைக் கழுவுவதா என்று எங்கள் சந்தில் இரண்டு கட்சி உண்டு.

கயல் அப்பாவிடம் போனாள். "நைனா, உன் மாடு. நீ சொல்லு."

ரகுபதி துண்டால் முகத்தைத் துடைத்தார். "மாடு போனா வேற மாடு வாங்கிக்கலாம். அத வச்சி நீ கலங்காத. உன் படிப்பப் பாரு, கயலு."

"இன்னா பேசறய்யா நீ?" என்றாள் தாயம்மா. அப்புறம் அவளும் அடங்கிவிட்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் தனக்குப் பேச உரிமை இல்லை என்பது அவளுக்கே தெரிந்தது. சிங்காரியின் நெற்றிச் சுட்டியை மட்டும் விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

கயல் வந்து மாட்டின் பக்கத்தில் முட்டி போட்டாள். ஒரு கையை வலது விலாவுக்குக் கீழே, கன்று இருக்கும் பக்கம் வைத்தாள். உள்ளே அசைந்தது போலிருக்கிறது. சட்டென்று கையை எடுத்துவிட்டாள்.

"ஊசியப் போடுங்க."

"கயல், கன்னு தங்காதுங்க."

"தெரியும். எனக்குத்தான் நல்லாவே தெரியும். போடுங்க, சார்."

வெந்நீருக்கு மூன்று வீட்டு அடுப்பு எரிந்தது. பிரபு சிங்காரியின் தலையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டான். சித்தார்த்தன் இடது விலாவை மழித்து, மரத்துப்போக ஊசி போட்டு, கிழித்தார். தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டு அள்ளினார். நெய் மினுக்கோடு, ஏலக்காய் வாசம் இன்னும் போகாமல், புளித்து நுரைத்த பொங்கல். வாளி வாளியாக வந்தது. கயல் வாங்கி வாங்கிக் கொட்டினாள். நாற்றம் தாங்காமல் சந்தில் ஜன்னல்களைச் சாத்தினார்கள். ஜன்னலை விட்டு யாரும் நகரவில்லை.

ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு கயல் அம்மாவைத் தாண்டிப் போனாள். தாயம்மா கையை நீட்டினாள். கயல் கொடுக்கவில்லை. தானே கொண்டு போய்க் கொட்டினாள்.

தையல் போட்டு முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வெகுநேரம் கழித்து சிங்காரி கழுத்தைத் தூக்கினாள். வளையல் கிலுங்கியது. பிரபு அழுததை இந்தத் தடவை மறைக்கவில்லை.

கன்று மறுநாளே வந்தது. கிடேரி, பெண் கன்று. கறுப்பு, நீளக் கால், காது மட்டும் மெத்தென்று பெரிதாக. பட்டறைச் சந்தில் அப்படி ஒரு கன்றை யாரும் பார்த்ததில்லை. கயல் வைக்கோலால் அதன் நெஞ்சைத் தேய்த்தாள், சித்தார்த்தன் மூக்கிலிருந்து சளியை உறிஞ்சி எடுத்தார். மூச்சு வந்தது. விட்டு விட்டு வந்தது. தையல் போட்ட வயிற்றோடு சிங்காரி எக்கி எக்கி அதை நக்கினாள். தன்னுடையதா இல்லையா என்று அவள் யாரையும் கேட்கவில்லை. கோயிலில் சாயரட்சை மணி அடித்தபோது நக்குவதை நிறுத்திவிட்டாள். கயல் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

புஷ்ரா மேடமே வண்டியோடு வந்து கன்றின் உடம்பை எடுத்துப் போனார். சொன்ன சொல் தவறவில்லை, ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கயலுக்கு அதுதான் தாங்கவில்லை என்று நினைக்கிறேன்.

தாயம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. கயல் சாப்பிடு என்று சொல்லவும் இல்லை.

இதற்கப்புறம் யார் யார் எங்கே போனார்கள் என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன்.

பிரபுவுக்கும் அஸ்வினிக்கும் தை மாதம் கபாலி கோயிலில் கல்யாணம். பாலவாக்கத்தில் வாடகைக்கு வீடு பிடித்துப் போய்விட்டான். பால் காய்ச்சும் நாளில், மாட்டுக்கார வீட்டுப் பிள்ளை, ஒரு பசு வேண்டாமா என்று கதிரேசன் கேட்டிருக்கிறார். மாமா, எது வேண்டுமானாலும் கேளுங்கள், அது மட்டும் வேண்டாம் என்று பிரபு கும்பிட்டுவிட்டான். பொங்கலும் வைக்கவில்லை. ரவா கேசரி. நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். முந்திரியும் போடவில்லை.

சித்தார்த்தனின் கல்யாணப் பத்திரிகையும் வந்தது. பெண் ராசிபுரம். கயல் வாழ்த்து அனுப்பினாள். மனம் உடைந்தது எங்கள் சந்துக்கு மட்டும்தான்.

கயல் பென்னாகரம் பக்கம் போய்விட்டாள். செத்துப்போன ஆலம்பாடிப் பசுவுக்கு ஒரே தாய் வயிற்றுத் தங்கை ஒன்று உண்டாம். யாரோ வாங்கி, யாருக்கோ விற்று, எந்தப் பட்டியில் இருக்கிறது என்றே தெரியாதாம். அதன் கருமுட்டைக்காக அதைத் தேடிக்கொண்டு காட்டோர ஊர்களில் அலைகிறாள். கிளம்பும்போது அப்பாவிடம் சொன்னாள், சிங்காரியைத் தடவிக் கொடுத்தாள். அம்மாவைத் தாண்டிப் போய் ஆட்டோவில் ஏறினாள்.

ஆனால் போன் வரும். தாயம்மாவின் போனுக்குத்தான் வரும். அம்மா என்று கூப்பிடுவதில்லை, நலமா என்று கேட்பதில்லை.

"சிங்காரி அசை போடுதா?"

"போடுது."

அவ்வளவுதான். வைத்துவிடுவாள். தாயம்மா அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்காகக் காலையிலிருந்து கொட்டகையில் உட்கார்ந்திருப்பாள். அமாவாசைக்கு வாழைப்பழத்தோடு வரும் மாமிகளைக் கம்பை எடுத்துக் காட்டித் திருப்பி அனுப்புகிறாள். கோயில் பக்கம் அவளைப் பற்றி நல்லபடியாகப் பேச்சு இல்லை.

போன வெள்ளிக்கிழமை போன் வந்தபோது, குழாயடியில் எல்லோரும் இருந்தோம். தாயம்மா வழக்கம்போல் "போடுது" என்றாள். பிறகு போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"இன்னாமே, என்னாவாம்?" என்று கேட்டதற்கு, தாயம்மா குடத்தை நிரம்ப விட்டு, வழிய விட்டு, அப்புறம்தான் சொன்னாள்.

"சிங்காரி பருவத்துக்கு வந்துச்சான்னு கேக்கறா. இல்லன்னேன். பாத்துகினே இரு, வந்தா ஒடனே சொல்லுன்னா." குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "என்னத்தான் பாத்துக்கச் சொன்னா. 'எம்மா, நீ பாத்துக்க'ன்னா."